கார்த்திகை மாதத்து வான்கோழி

மாலை போட்டது என் வீட்டுக்காரர். விரதம் இருந்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

கார்த்திகை முதலாம் தேதி தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் குருசாமி அவர் கழுத்தில் ஐயப்பன் மாலையைப் போட்டார். முதல் வருஷம், கன்னிச்சாமி. சபரிமலைக்குப் போய்த் திரும்பும்வரை வீட்டில் மீன் இல்லை, முட்டை இல்லை, கருவாட்டு வாசம்கூட இல்லை. கட்டிய புருஷனை ‘சாமி’ என்று கூப்பிட வேண்டும். சாமி விடியற்காலை நான்கு மணிக்குக் குளிப்பார். சாமிக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறவள் அதற்கு முன்னால் குளித்திருக்க வேண்டும். நுவரெலியாக் குளிரில், பைப்புத் தண்ணீரில். கேட்டால் புண்ணியம் என்பார்கள். யாருக்குப் புண்ணியம் என்று கேட்டால் வாயை மூடச் சொல்வார்கள்.

நான் தோட்டத்துக்கு மேலே இருந்த பழைய பங்களாவில் சமையல்காரி. ஒன்பது வருஷம். பங்களாவைக் கொழும்பு முதலாளி ஒருவர் வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். அந்த வருஷம் குடியிருந்தது ஓர் அமெரிக்கக் கணவனும் மனைவியும். பள்ளிக்கூடங்களுக்கு ஏதோ திட்டம் போட வந்தவர்கள். அவர்கள் மார்கழியோடு ஊருக்குப் போகிறார்கள், அதன் பிறகு பங்களா ஹோட்டல் ஆகப்போகிறது என்று முதலாளி சொல்லியிருந்தார். ஹோட்டலுக்குச் சர்டிபிகேட் வாங்கிய செஃப் ஒருவன் கொழும்பிலிருந்து வருவான் என்றும் பேச்சு வந்தது. என்னிடம் சர்டிபிகேட் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள். கொழுந்து பறிக்கப் போகக் கூடாது என்பதற்காகவே சமையல் கற்றுக்கொண்டவள். குசினி போனால் மறுபடியும் கூடைதான்.

நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை அமெரிக்காவில் நன்றி சொல்லும் நாளாம். குடும்பமாகக் கூடி வான்கோழி சாப்பிடுவார்களாம். மேடம் நான்கு நண்பர்களைக் கூப்பிட்டிருந்தார். விஷயம் முதலாளியின் காதுக்குப் போய், வான்கோழியைக் கொழும்பிலிருந்து தானே அனுப்புவதாகவும் தானும் வருவதாகவும் சொல்லிவிட்டார். சாப்பிட வரவில்லை, என்னைப் பார்க்க வருகிறார் என்று எனக்குத் தெரியும். மேடமும் மறைக்கவில்லை. “நல்லா செய், அவர் பார்க்கணும்,” என்றார். இந்த ஒரு சாப்பாடு சரியாக வந்தால் குசினி என்னுடையது. கெட்டால் இல்லை.

வீட்டில் சொன்னேன்.

“அன்னைக்கு லீவு சொல்லிரு,” என்றார் சாமி.

“எதுக்குங்க சாமி?”

“எதுக்கா? கழுத்துல மாலை கெடக்கு. நீ அங்க கோழிய உரிச்சிக்கிட்டு நிப்ப.”

“கோழி இல்ல, வான்கோழி. உரிச்சி ஐஸ் போட்டுத்தான் வருது.”

“எல்லாம் ஒண்ணுதான். நீ இல்லாட்டி தொரசாணி பட்டினி கெடந்து செத்துருவாளா?”

“அவங்க சாக மாட்டாங்க. அன்னைக்கி லீவு போட்டா அப்பறம் எனக்குத் தெனமும் லீவுதான். கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்கிப் போறேன், சாமிக்குச் சந்தோஷமா?”

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். இறைச்சி கையில் படலாம், நாக்கில் படக் கூடாது. கையைக் கழுவிவிடலாம், நாக்கைக் கழுவ முடியாது என்பது அவர் சொன்ன நியாயம். வேலை முடிந்து வந்ததும் பைப்படியில் குளித்துவிட்டுத்தான் வாசலை மிதிக்க வேண்டும். சரி என்றேன். அதுவரை பங்களாவில் மரக்கறியாகவே ஓட்டியிருந்தேன். அவர்களுக்குப் பருப்பும் போஞ்சியும் பிடிக்கும். அதனால் பிரச்சினை வரவில்லை. வான்கோழி அப்படியில்லை. அதை நான் உயிரோடும் பார்த்ததில்லை, செத்தும் பார்த்ததில்லை. ருசி பார்க்காமல் செய்வது எப்படி என்று சாமிக்கு என்ன கவலை.

புதன்கிழமை பின்னேரம் மேடம் ஒரு பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பி உப்பு, சீனி, மிளகு, தோடம்பழத் தோல் எல்லாம் போட்டு அந்தப் பறவையை முக்கி வைத்தார். ஒரு சின்னப் பிள்ளையின் எடை இருந்தது அது. நாளைக்குக் காலையில் எடுத்துத் துடைத்து பட்டர் மட்டும் தடவு, உப்புப் போடாதே என்று இரண்டு தடவை சொன்னார். கையையும் ஆட்டிக் காட்டினார். நான் தலையாட்டினேன்.

கேட்டேன், ஆனால் நம்பவில்லை. உப்பும் மஞ்சளும் பிசறாமல் இறைச்சியை அடுப்பில் வைக்கிற வழக்கம் எங்கள் யாருக்கும் இல்லை. வாளியில் கிடந்த உப்பைப் பற்றி எனக்குக் கவலையே வரவில்லை. கருவாட்டைத் தண்ணீரில் போட்டால் உப்புத் தண்ணீருக்குப் போகிறது, கருவாடு சப்பென்று ஆகிறது. ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்த வான்கோழியில் உப்பு எங்கே இருக்கப்போகிறது? வெள்ளைக்காரிக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். வியாழக்கிழமை காலையில் பறவையை எடுத்துத் துடைத்து, மேடம் குளிக்கப் போன நேரம் பார்த்து, இரண்டு கை கல்லுப்பும் மஞ்சளும் தோலுக்கு அடியில் வரைக்கும் அழுத்தித் தேய்த்தேன். அதற்கு மேலே பட்டர். ஒன்பது மணிக்கு ஓவன் அடுப்புக்குள் போனது.

மற்ற வேலைகள் ஓடின. அவர்கள் ஊரில் இதற்கு ஒரு சிவப்புப் பழத்தில் சட்னி மாதிரி ஒன்று உண்டாம். அந்தப் பழம் இங்கே இல்லை. மரத்தக்காளியைத் தோலுரித்துச் சீனி போட்டு வேகவைத்தேன். மேடம் நக்கிப் பார்த்துவிட்டு ஊர்ப் பழத்தைவிட நல்லது என்றார். பூசணிக்காயை அரைத்து ஒரு பை செய்தார். அதை அவரே செய்தார், நான் தேங்காய் திருவியபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பாண் ரொட்டியை உதிர்த்து, வெங்காயமும் செல்டரிக் கீரையும் போட்டு வதக்கித் தட்டில் வைத்தோம். உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு மேடமும் அவர் கணவரும் நண்பர்களைக் கூட்டிவர நானுஓயா ஸ்டேஷனுக்கு வேனில் போனார்கள். ரயில் வழக்கம்போல் லேட்.

ஒன்றரைக்கு வான்கோழியை வெளியே எடுத்தேன். அழகாக இருந்தது. மஞ்சள் தேய்த்த தோல் பொன் மாதிரி மினுங்கியது. மேடம் காட்டிய படங்களில் இருந்த பறவையெல்லாம் இதன் காலில் விழ வேண்டும். தட்டில் வடிந்திருந்த சாற்றில் மாவு கரைத்துக் குழம்பு வைக்க வேண்டும். அப்போது தட்டின் ஓரத்தைப் பார்த்தேன். வெள்ளையாகக் காய்ந்து படிந்திருந்தது. விரலால் சுரண்டினேன். உப்பு.

பங்களாவுக்குக் காவல் இருக்கும் வொச்சர் பின்வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சிங்களவர், வயசானவர், என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். உள்ளே கூப்பிட்டு, கால் பக்கத்தில் ஒரு துண்டு அறுத்துக் கொடுத்தேன்.

“உப்பு எப்படி இருக்கு?”

மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். “எலகிரி, பிரமாதம் நங்கி! கொழும்புலயும் இப்பிடி ஒருத்தரும் செய்றது இல்ல.”

“அது கெடக்கட்டும். உப்பு?”

“சரி, சரி. நல்லா இருக்கி.”

சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய் ஒரு கோப்பைத் தண்ணீர் குடித்தார். நின்றார். இன்னொரு கோப்பை குடித்தார். வெற்றிலைக்காரன் நாக்கு பொய் சொன்னாலும் தொண்டை பொய் சொல்லாது.

வேன் வருவதற்கு அரை மணி நேரம் இருக்கலாம். உப்புக் கூடிவிட்டது என்று தெரியும். எவ்வளவு கூடியது என்று தெரியாமல் எதைப் போட்டுச் சரிசெய்வது? கண்ணால் பார்த்து அளக்கிற சங்கதி இல்லை அது. மேடத்துக்காகக் காத்திருக்கலாம். வந்தவுடன் முதலாளி முன்னாலேயே, சொன்னதைக் கேட்காமல் கெடுத்துவிட்டேன் என்று சொல்லலாம். அதற்கு நான் லீவே போட்டிருக்கலாம்.

கரண்டியை எடுத்துச் சாற்றில் விட்டு நாக்கில் வைத்தேன்.

கடலில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. இடி விழவில்லை. குசினியில் சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். நாற்பத்தொரு நாள் விரதத்தைப் பதினைந்தாம் நாளுக்குள் கெடுத்தவள் நான்.

பிறகு வேலையைப் பார்த்தேன். சாற்றில் முக்கால்வாசியைக் கொட்டினேன். மிச்சத்தில் உப்பில்லாத கிழங்குத் தண்ணீரையும் தேங்காய்ப் பாலையும் ஊற்றி, மாவு கரைத்து, மிளகு தட்டி, தேசிக்காய் பிழிந்தேன். மறுபடி நாக்கில் வைத்தேன். இன்னும் பால். மூன்றாம் தடவை சரியாக வந்தது. மசித்த கிழங்கில் உப்பே போடவில்லை, பட்டரும் பாலும் மட்டும். பறவையின் தோலை உரித்துத் தனித் தட்டில் அழகுக்கு அடுக்கி, இறைச்சியை மெல்லிசாகச் சீவி, குழம்பை மேலே ஊற்றினேன். ஒரு வாய் இறைச்சியையும் கிழங்கையும் சேர்த்துத் தின்று பார்த்தேன். கெடுத்தது கெடுத்தாயிற்று, அரைகுறையாகக் கெடுப்பானேன்.

மூன்று மணிக்கு மேசையில் உட்கார்ந்தார்கள். முதலாளி தன் மனைவியோடு வந்திருந்தார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று அவர் தட்டை மட்டும் பார்த்தேன். குழம்பை மூன்று தடவை ஊற்றிக்கொண்டார். தண்ணீர்க் கிளாஸ் பாதிக்குக் கீழே இறங்கவில்லை. மேடம் ஒரு வாய் வைத்ததும் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தேங்காய்ப் பால் அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வாய் எடுத்தார்.

சாப்பாட்டுக்கு நடுவில், அவர்கள் வழக்கப்படி, எதற்காக நன்றி என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருவர் ரயில் ஒருவழியாக வந்து சேர்ந்ததற்கு நன்றி என்றார், எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி நல்ல சாப்பாட்டுக்கு நன்றி என்றார், மேடத்தைப் பார்த்து. “நான் இல்லை, அவள்,” என்று மேடம் எழுந்து வந்து என் கையைப் பிடித்து மேசைக்கு இழுத்துப் போனார். நானும் ஒன்று சொல்ல வேண்டுமாம்.

எனக்கு நன்றி வரவில்லை. எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியிடம் சிங்களத்தில் சொன்னேன்: “சேர், ஜனவரியிலே இந்தக் குசினியிலே நான் இருப்பேனா இல்லையா? அது தெரிஞ்சா எதுக்கு நன்றின்னு சொல்றேன்.”

அவர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. அமெரிக்கர்கள் பக்கம் திரும்பி, வேலை கொடுத்ததற்கு எனக்கு நன்றி சொல்கிறாள் என்று இங்கிலிஷில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்த அளவுக்கு இங்கிலிஷ் எனக்குத் தெரியும். ஒன்பது வருஷம் பங்களாக் குசினியில் நின்றவள்.

“நோ சேர்,” என்றேன். “ஐ ஆஸ்க் குவெஸ்டியன். யூ நோ ஆன்ஸர்.”

கை தட்டல் நின்றது. முதலாளியின் மனைவி தட்டைப் பார்த்தார். மேடம் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என்ன கேள்வி என்று என்னிடமே கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். அவர் முதலாளியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஒஃப் கோர்ஸ், அவள் இருப்பாள்,” என்றார் முதலாளி.

“குசினியிலயா, கோப்பை கழுவவா?” என்றேன் சிங்களத்தில்.

“குசினியிலதான்,” என்றார், சிங்களத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு மேடத்துக்காக இங்கிலிஷிலும் சொன்னார். கதவுக்குப் பின்னால் வொச்சர் இருமினார். அது இருமல் இல்லை.

அதன் பிறகு நான் நன்றி சொன்னேன். ஒரே ஒரு சொல். குசினிக்குப் போய்ப் பூசணிப் பையை அறுத்தேன்.

ஐந்தரைக்கு லயத்து வீட்டுக்கு வந்தேன். மூடுபனி இறங்கியிருந்தது. பைப்படியில் சேலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். சாமி செருப்பில்லாத காலோடு படியில் நின்றார்.

“குளிச்சிட்டியா?”

“பாத்தா தெரியலியா?”

“நாக்குல வைக்கலியே?”

பொய் சொல்லியிருக்கலாம். வொச்சரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஈரச் சேலையோடு நடுங்கிக்கொண்டு பொய் வேறு சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை.

“வச்சேன்.”

“என்னது?”

“உப்புக் கூடிப் போச்சி. மூணு தடவ வச்சேன். ஒரு வாய் இறைச்சியும் தின்னேன்.”

“ஒனக்குப் புத்தி இருக்கா? கன்னிச்சாமி வீடுடி இது! நான் காட்டுக்குள்ள ஏறணும். எனக்கு ஒண்ணு ஆயிருச்சின்னா?”

“தின்னவ நான். குத்தம் எனக்குத்தான். சாமிக்கு அதுகூடவா தெரியாது?”

“எந்தச் சாமிக்கி?”

“மலைமேல இருக்கிற சாமிக்கித் தெரியும். வாசல்ல நிக்கிற சாமிக்கித்தான் தெரியாது.”

அடுத்த வீட்டுக் காம்பிராவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் உள்ளே போய்ப் பாயையும் கம்பளியையும் சுருட்டிக்கொண்டு வந்தார். மற்றச் சாமிமார் கோயில் மண்டபத்தில்தான் படுக்கிறார்கள், இனிப் புறப்படும்வரை தனக்கும் சோறும் படுக்கையும் அங்கேதான் என்றார். நான் தடுக்கவில்லை. நாலு எட்டு வைத்துவிட்டு நின்றார்.

“வேல நெலச்சிருச்சா?”

“நெலச்சிருச்சி.”

“ம்,” என்றார். போய்விட்டார். மார்கழி வரைக்கும் கோயிலிலேயே இருந்தார். குருசாமி இருமுடி கட்டும்போது நான் கூட்டத்தோடு கடைசியில் நின்று பார்த்தேன். மலைக்குப் போய் ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தார்.

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாரா என்று கேட்பார்கள். காப்பாற்றினார். என் முகத்துக்காக இல்லை, அமெரிக்கர்கள் முன்னால் சொல்லிவிட்டதற்காக. எனக்கு எதுவானாலும் சரி.

விருந்துக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. வான்கோழி எலும்பில் சூப் வைக்க வேண்டும் என்றார் மேடம். அவர்கள் ஊரில் அதுவும் வழக்கமாம். எலும்பையெல்லாம் உடைத்துப் பெரிய சட்டியில் போட்டு, லீக்ஸும் கரட்டும் வெட்டிப் போட்டு, இரண்டு மணி நேரம் கொதிக்க விட்டேன். கல்லுப்பு ஜாடியைத் திறந்தேன். திறந்துவிட்டு, முதலில் ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்துப் பார்த்தேன். உப்பு வேண்டியிருக்கவில்லை.