ஆறுதலா வாங்கோ

இன்றைக்குக் காலையில் ஒஸ்லோவில், குறொன்லாண்ட் பக்கத்துக் கடையொன்றில், குளிர்ப்பெட்டிக்கு முன்னால் ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை நின்றது. ஐஸ் பிடித்த மீன் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, கைபேசியில் யாரிடமோ "கெண்டை மாதிரிதாம்மா இருக்கு, ஆனா ரொம்பப் பெருசு" என்று சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் பெட்டியில் மரவள்ளிக்கிழங்குப் பை எடுக்க வேண்டியிருந்தது. என்னைக் கண்டதும் விலகப் பார்த்தது. "பரவாயில்லை பிள்ளை, நீங்க ஆறுதலா எடுங்கோ" என்றேன். பிள்ளை ஒரு மாதிரிப் பார்த்தது. "எனக்கு என்ன அங்கிள் ஆறுதல்? நான் நல்லாத்தானே இருக்கேன்?"

எங்கள் ஆட்களுக்கு ஆறுதலாக என்றால் மெல்லமாக, அவசரப்படாமல். அவர்களுக்கோ அது செத்த வீட்டில் சொல்கிற சொல். இதை விளங்கப்படுத்தியதும் பிள்ளை சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு என்ன நினைத்தேனோ, அதே மீனில் ஒன்றை வாங்கிக்கொண்டு, மரவள்ளிக்கிழங்கை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது இதை எழுதும்போது அந்த மீன் சிங்கில் கிடந்து உருகிக்கொண்டிருக்கிறது. குசினி முழுக்கச் சேற்று மணம். யன்னலைத் திறக்க மனம் வரவில்லை.

சேற்று மணம் என்றால் எங்கள் ஊர்க்காரர் மூக்கைப் பிடிப்பார்கள். யாழ்ப்பாணத்தவர் யாரிடமும் மீனைப் பற்றிக் கதை கொடுத்துப் பாருங்கள், விளைமீன், பாரை, ஓரா, ஒட்டி என்று கடலைவிட்டு இறங்கமாட்டார்கள். எங்களுக்கு ஆறு கிடையாது. ஆறு என்று பெயர் வைத்த ஒன்று இருக்கிறது, மாரி மழைக்கு மட்டும் ஓடும். மற்ற மாதங்களில் அதற்குள் ஆடு மேயும். அப்படிப்பட்ட இடத்தில் பிறந்துவிட்டு, நன்னீர் மீனைப் பற்றி நான் பெரிய நீதவான் மாதிரி ஒரு தீர்ப்பு வைத்திருந்தேன். குளத்து மீன் மீனே இல்லை என்பது அந்தத் தீர்ப்பு.

என் மனைவி தவம் கிளிநொச்சிப் பக்கம். குளத்துக் கட்டுக்குக் கீழே அவர்களுடைய வீடு. கலியாணம் முடித்த கிழமை எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட இருந்தபோது, தங்கள் ஊரில் குளத்துக் கெண்டையைப் பழப்புளி விட்டு எப்படிக் காய்ச்சுவார்கள் என்று ஏதோ சொல்லத் தொடங்கினாள். என் அக்காமார் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "சேறு மணக்காதோ?" என்று பெரியக்கா கேட்டா. தவமும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். அவ்வளவுதான். நாங்கள் ஒஸ்லோவுக்கு வந்து, ஹவுகெட்டோவில் வீடு எடுத்து, கோட் மீனும் சால்மனும் சமைத்துப் பழகி, மகள் நிவேதா பல்கலைக்கழகம் போகும்வரைக்கும் குளத்து மீன் என்ற பேச்சு அவள் வாயில் வரவேயில்லை.

நான் பஸ் ஓட்டினேன். காலையில் வெளிக்கிடும்போது தவம் கதவடியில் நின்று "வெள்ளன வாங்கோ" என்பாள். நேரத்தோடு வந்துவிடுங்கள் என்று அர்த்தம். மணிக்கூட்டைப் பார்த்து ஓடுகிற பஸ்காரன் எப்படி வெள்ளன வருவது? "நான் வெள்ளன வந்தால் சனமெல்லாம் தரிப்பிடத்திலை நிண்டு விறைச்சுப் போகும்" என்று பகிடி விடுவேன். அவள் காதிலேயே விழாது. அடுத்த நாளும் அதையே சொல்வாள். எங்கள் பெண்கள் எல்லோரும் சொல்வதுதானே. வருசக்கணக்காகக் கேட்டால் அது கதவு சாத்துகிற சத்தம் போல ஆகிவிடும்.

பிறகு அவளுக்கு வருத்தம் வந்தது. என்ன வருத்தம் என்று எழுதப் பிடிக்கவில்லை, உங்களுக்கே விளங்கும். வசந்தத்தில் கண்டுபிடித்தார்கள், இலை பழுக்கத் தொடங்கியபோது இனி மருந்தைக் கூட்டிப் பிரயோசனமில்லை என்றார்கள். நான் வேலைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்றால், அவள் படுத்திருந்த சோபாவுக்கு எதிரே ஒரு கதிரையைப் போட்டு அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் வேண்டுமா, தலையணை வேண்டுமா, நோகிறதா. அவள் கண்ணை மூடினால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். எனக்கு அவ்வளவு பயம்.

அவளுக்கு நாக்கில் ருசி செத்துப்போயிருந்தது. எதைக் கொடுத்தாலும் இரும்பு மாதிரி இருக்கிறது என்பாள். ஒரு நாள் பின்னேரம் திடீரென்று, "இஞ்சேருங்கோ, எனக்குக் குளத்து மீன் தின்ன வேணும் போலக் கிடக்கு" என்றாள்.

"உமக்குக் குளத்து மீன் பிடிக்குமோ?"

"ஏன், பிடிக்காதெண்டு ஆர் சொன்னது?"

அன்றைக்கே குறொன்லாண்டுக்கு ஓடினேன். ஐஸ் மீன்தான் இருந்தது. ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். "இது பெட்டிக்கை கிடந்த மீனப்பா. உடன் மீன் வேணும்." இந்த நாட்டில் உடன் குளத்து மீனுக்கு நான் எங்கே போவது?

எங்களுக்கு மேல்வீட்டில் தங்கதுரை இருந்தான். கொள்ளிடக்கரை ஊர்க்காரன், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன், குடும்பம் ஊரில். நான் துரை என்பேன், அவன் அண்ணே என்பான். எங்கள் இருவருக்கும் தமிழ்தான் என்றாலும் இடைக்கிடை மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. முதல்முதல் இருவருமாக எங்கோ போக ஆயத்தமானபோது நான் போன் எடுத்து "துரை, வெளிக்கிட்டாச்சோ?" என்று கேட்டேன். புறப்பட்டாயிற்றா என்று கேட்டிருக்கிறேன். அவன் கூச்சத்தோடு, "அதெல்லாம் காலையிலயே ஆச்சுண்ணே" என்றான். அவர்கள் ஊரில் வெளிக்குப் போவது வேறு விசயமாம். இந்தக் கதையைக் கேட்டுத் தவம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த இலையுதிர்காலத்திலும் அதை நினைவுபடுத்திச் சிரித்தாள்.

அவனிடம்தான் கேட்டேன். "ஆத்து மீன் ஓகேயாண்ணே?" என்றான். பிறகு அவனுக்குக் கண்ணே வேறு மாதிரி ஆகிவிட்டது. வெள்ளம் வரும்போது கெண்டை நடு ஆற்றில் நிற்காது, இழுவை தாங்காமல் கரையோரம் முழுகின புல்லுக்குள் ஏறி மேயும், ஊரில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அதைப் பிடிக்கப் போய் அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போனான். அந்த வருசம் விடாத மழை. குளொம்மா ஆறு கரை மீறுகிறது என்று செய்தியில் தினமும் காட்டினார்கள். எல்லோரும் ஆற்றுக்குக் கிட்டப் போகவேண்டாம் என்கிற நேரத்தில் நாங்கள் இருவரும் மீன்பிடி அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு காரில் ஏறினோம்.

கதவடிவரைக்கும் சுவரைப் பிடித்துப் பிடித்துத் தவம் வந்தாள். "ஆறுதலா வாங்கோ" என்றாள்.

ஒஸ்லோவிலிருந்து கிழக்கே ஒரு மணித்தியாலம் போனால், ஆறு ஏரிக்குள் விழுவதற்கு முன் அகன்று கிடக்கும். அன்றைக்கு அது ஆறு மாதிரியே இல்லை. தேத்தண்ணி நிறத்தில் வயல்களுக்குள் ஏறி, மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. நடுவில் ஒரு முழு மரம் வேரோடு போய்க்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். துரை நடு ஆற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. வளைவுக்குப் பின்னால் தண்ணீர் அசையாமல் கிடந்த ஒரு மேய்ச்சல் தரையைத் தேடிப் பிடித்தான். மாவைப் பிசைந்து அதற்குள் பெருங்காயம் போட்டான். அந்த மணம் அந்தக் குளிரில் கிளம்பியபோது எனக்குத் தவத்தின் சாம்பார் நினைவு வந்தது. ஈயக்குண்டு கட்டிய தூண்டிலை முழுகின புல்லோரம் எறிந்துவிட்டு, தடியின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பொழுதுபடும்வரை நின்றோம். ஒன்றும் இல்லை.

வெறுங்கையோடு வந்தவனைப் பார்த்துத் தவத்துக்குக் கோபமே இல்லை. எங்கே போனீர்கள், ஆறு எப்படி, குளிர்ந்ததா என்று கேட்டாள். அன்றைக்குத்தான் மருந்து மாத்திரை தவிர்ந்த ஒரு விசயத்தைப் பற்றி நாங்கள் கதைத்தோம்.

அடுத்த முறை மீன் பட்டது. தடியின் நுனி இரண்டு தரம் தட்டிவிட்டு அப்படியே வளைந்தது. "விடுங்கண்ணே, விடுங்க, ஓடட்டும்" என்று துரை சொல்லச் சொல்ல, நான் கடற்கரை வீரத்தில் இழுத்துத்தான் பார்த்தேன். அவன் பின்னால் நின்று என் கையைப் பிடித்து நிதானப்படுத்தினான். முழங்கை நீளம், பித்தளை நிறம், தடித்த செதில். நாயோடு நடந்துபோன ஒரு நோர்வேக்காரர், இதற்கு வேடர்புக் என்று பெயர், முள்ளும் சேறும்தான், இதைத் தின்னப் போகிறீர்களா என்று கேட்டார். பெரியக்காவே நோர்வேயிய மொழியில் கேட்பது போல இருந்தது. துரை மட்டும் "கெண்டைண்ணே, சந்தேகமே இல்ல" என்றான்.

தவம் சோபாவில் இருந்தபடி நிவேதாவுக்குச் சொல்லிச் சொல்லிச் சமைப்பித்தாள். பிறகு முள் எடுத்து எடுத்து, ஒரு கோப்பை சோறு முழுவதையும் சாப்பிட்டாள். "சேறு மணக்குது" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோசத்தை எனக்கு எழுதத் தெரியாது. நான் அதில் கை வைக்கவில்லை, அவளுக்குக் குறைந்துவிடும் என்று.

அதற்குப் பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆற்றுக்குப் போனேன். துரைக்கு வேலை என்றால் தனியாகவும் போனேன். விறைத்துப்போய் வந்து மீனை நிவேதாவிடம் கொடுத்துவிட்டு, குளித்துச் சாப்பிட்டு அப்படியே நித்திரையாகிவிடுவேன். மாதக்கணக்காக இல்லாத நித்திரை. காலையில் கேட்டால் "அம்மா சாப்பிட்டவ" என்பாள் மகள். தவமும் "நல்லா இருந்தது. நாளைக்கும் போங்கோவன்" என்பாள். கதவடிக்கு வர முடியாமல் போன பிறகு படுக்கையிலிருந்தே "ஆறுதலா வாங்கோ" என்றாள்.

ஒரு நாள் ஆற்றங்கரையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. காரணம் ஒன்றும் புதிதாக இல்லை. தண்ணீர் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்து நன்றாக அழுதேன். துரை பார்த்துவிட்டான். கிட்ட வராமல், மாவைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "அழுங்கண்ணே. அக்கா அதுக்குத்தானே அனுப்புறாங்க."

"எதுக்கு?"

"டெய்லி சொல்றாங்கள்ல, ஆறுதலா வாங்கன்னு."

எனக்கு அழுகைக்குள்ளேயே சிரிப்பு வந்தது. "டேய், ஆறுதலா எண்டா மெல்லமா வாங்கோ எண்டு" என்று விளங்கப்படுத்தினேன். அவன் வெட்கப்பட்டு, "நான் இத்தன நாளா வேற மாதிரில்ல நெனச்சிட்டிருந்தேன்" என்றான். வீட்டுக்கு வந்து இதையும் தவத்துக்குப் பகிடியாகச் சொன்னேன். வெளிக்கிட்ட கதைக்குச் சிரித்தது போலச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் புன்சிரிப்போடு, "துரை நல்ல பொடியன்" என்று மட்டும் சொன்னாள்.

முதல் பனி கொட்டிய கிழமை தவம் போய்விட்டாள். அப்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வந்த சனமெல்லாம் போன பிறகு, நானும் நிவேதாவும் வீட்டைத் துப்புரவாக்கினோம். நிலக்கீழ் அறையில் இருந்த ஆழ்குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக, செதில் சுரண்டிக் கழுவி, பையில் கட்டிய மீன்கள். நான் பிடித்தவை. பித்தளை நிறம் ஐஸுக்குள்ளும் தெரிந்தது.

"இதென்ன, அம்மா சாப்பிடேல்லையோ?"

நிவேதா பெட்டியின் மூடியைப் பிடித்தாள். "முதல் மீன் மட்டும்தான் அப்பா சாப்பிட்டவ. பிறகு மணமே ஒத்துக்கொள்ளேல்லை. சொல்லவேண்டாம் எண்டவ. அப்பாக்கு ஒரு பௌசே வேணும், இஞ்சையே இருந்து என்னைப் பாத்துக்கொண்டிருந்தால் எனக்கு முதல் அவர் முடிஞ்சுபோவார் எண்டவ." ஓய்வு என்பதற்கு அவளுக்கு நோர்வேயியச் சொல்தான் வந்தது. அதைச் சொல்லிவிட்டு அவள் அழத் தொடங்கினாள்.

அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் எனக்குத் தட்டுப்பட்டது. வாழ்நாள் முழுக்க "வெள்ளன வாங்கோ" என்று சொன்னவள், அந்த வெள்ள மாதத்தில் மட்டும் ஒரு நாள்கூட அப்படிச் சொல்லவில்லை. எங்கள் தமிழ் தெரியாத துரைதான் அவளைச் சரியாக விளங்கிக்கொண்டிருக்கிறான்.

அந்தப் பனிக்காலம் முழுக்க அந்த மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவள் நிவேதாவுக்குச் சொல்லிக்கொடுத்தபடி பழப்புளி விட்டுக் காய்ச்சிச் சாப்பிட்டேன். சேறு மணந்தது. நல்ல ருசி. ருசி என்று யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. கடைசி மீன் முடிந்த அன்று பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டேன்.

துரையின் வேலை முடிந்து அவன் ஊருக்குப் போய்விட்டான். பொங்கலுக்குப் போன் எடுப்பான். மேல்வீட்டில் இப்போது யாரோ ஒரு இளம் சோடி. நிவேதா பியோர்ண்டாலில் தனிவீடு எடுத்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். ஒவ்வொரு இலையுதிர்காலமும் ஆறு பெருகுகிறது என்று கைபேசியில் எச்சரிக்கை வருகிறது. தூண்டில் நிலக்கீழ் அறையில்தான் நிற்கிறது. ஒருமுறை அதை எடுத்துக் காருக்குள் வைத்துவிட்டு, வீட்டுக் கதவைப் பூட்டத் திரும்பி வந்தேன். கதவடியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு தூண்டிலைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்தேன்.

இப்போது எங்கே போனாலும் வெள்ளன வந்துவிடுகிறேன்.