வாட்ஸ்மன் மலையடியில் பாதி மொட்டை

இதை எழுத எனக்குப் பல வருடம் துணிவு வரவில்லை. எழுதினால் நேர்த்திக்கடனின் பலன் போய்விடும் என்று மனைவி பயந்தாள். சனம் சிரிக்கும் என்று நான் பயந்தேன். மகளுக்கு இப்போது இடுப்பைத் தொடுகிற தலைமயிர். இனிப் பயமில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் வருடங்கள். கலியாணமாகி எட்டு வருடம், பிள்ளையில்லை. ஸ்டுட்கார்ட்டிலிருந்து எங்கள் ஆட்களோடு பஸ்ஸில் பெர்ஷ்டெஸ்காடன் என்ற மலையூருக்குப் போனோம். மேகம் விலகியது. பெரிய சிகரம் ஒன்று, எதிரே சற்றுச் சிறியது ஒன்று, நடுவில் குட்டிக் குட்டியாகச் சில. மனைவி செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"மலையெண்டால் முருகன்தான். பாருங்கோ, பெண்சாதி பிள்ளையளோட நிக்கிறார்."

"முருகனுக்கு ஏதப்பா பிள்ளை?"

"அப்ப சிவனெண்டு வையுங்கோவன்!"

பிள்ளை கிடைத்தால் இங்கேயே மொட்டை போடுவதாக நேர்ந்தாள். அடுத்த வருடமே மகள் பிறந்தாள்.

மகளுக்கு ஒரு வயது முடிந்ததும் திரும்பிப் போனோம். தங்கிய வீட்டு முற்றத்தில், மலையைப் பார்த்துத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தினோம். நான் மகளின் பாதித் தலையை வழித்துவிட்டேன். புகையைக் கண்டு வீட்டுக்காரக் கிழவி ஓடிவந்தா. இந்த மலையைக் கும்பிடுகிறோம் என்று என் அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். அவ சிலுவை போட்டுக்கொண்டு மலையின் கதையைச் சொன்னா.

வாட்ஸ்மன் என்பவன் ஒரு கொடிய அரசனாம். ஒரு குடியானவன் குடும்பத்தைக் கைக்குழந்தையோடு குதிரையால் மிதித்துக் கொன்றானாம். கடவுள் அவனையும் மனைவி பிள்ளைகளையும் கல்லாக்கிவிட்டாராம். அவன் பெயர்தான் மலைக்கு.

சவரக்கத்தியைக் கீழே வைத்துவிட்டு மனைவிக்குச் சொன்னேன். மகள் பாதி மொட்டையோடு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

"பிள்ளையைக் கொன்றவனிட்டயே நாங்கள் பிள்ளை கேட்டனாங்கள்?"

மனைவி மலையை நெடுநேரம் முறைத்தாள்.

"அவனைக் கல்லாக்கினது ஆர்?"

"கடவுள்."

"அப்ப அவர் இஞ்ச வந்துதானே போயிருக்கிறார்? நான் கேட்டது அவரிட்ட. மிச்சத்தை வழியுங்கோ."

"ராசாவுக்கு ஒண்டும் இல்லையோ?"

"அவனுக்குத் தேங்காய்ச் சிரட்டையும் இல்லை!"

பிள்ளை ஆடாமல் கிழவிதான் தலையைப் பிடித்துக்கொண்டா. பாதித் தேங்காய் அவவுக்குப் போனது.

இப்போது எங்கள் கோயிலில், அங்கே முருகன் காட்சி கொடுத்தார், மயில் அகவியது என்றெல்லாம் கதை. மயில் இல்லை. அங்கே அழுதது என் மகள் மட்டும்தான். காட்சி கொடுக்காதவர் கொடுத்தது பிள்ளையை, அது போதும். ஆகவே கேட்கிறவர்களுக்குச் சொல்லுங்கள், ஆனால் பாதி மொட்டையை மறைக்காமல், மயிலைச் சேர்க்காமல், இப்படியே சொல்லுங்கள்.