வெயிலில் தெரிகிற போன்

பூவிழிக்குக் கால் தரையில் பாவாமல் போனது சென்ற ஆடியிலிருந்துதான். கூட்டிய வாசலையே மறுபடியும் கூட்டுவாள். படகு வருவதற்கு வெகு முன்னாலேயே நண்டுக் கொட்டகைக்குப் போய், அடுக்கி வைத்த கூடைகளைக் கலைத்து அடுக்குவாள். வேலை முடிந்து வீட்டை நோக்கி நடப்பாள்; பாதி வழியில் எதையோ விட்டுவிட்டு வந்தவள்போல் திரும்புவாள். வந்து பார்த்தால் விட்டுப்போனது ஒன்றும் இருக்காது. இத்தனைக்கும் நடுவில் கையில் அந்தப் போன் இருக்கும்.

பழவேற்காடு ஏரியைச் சுற்றியிருக்கும் குப்பங்களில் அப்படி ஒரு போன் வேறு யாரிடமும் கிடையாது. அதன் திரையில் வண்ணம் வராது. செய்தித்தாளில் அச்சடித்ததுபோல எழுத்து கறுப்பாகவும் மற்றதெல்லாம் சாம்பலாகவும் இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது திரை ஒருமுறை முழுக்கக் கறுத்து, பிறகு வெளுக்கும். வெளுத்த பிறகும் முந்தைய படம் அடியில் லேசாகத் தெரியும், சரியாக அழிக்காத சிலேட்டைப் போல. ஊரில் அதற்கு வைத்த பெயர் ஜெராக்ஸ் போன்.

அவள் அதை வாங்கின கதையை, கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருக்கும் அனஸ் இன்றைக்கும் சொல்லுவான். அன்று அவன் நல்ல போன்களாக எடுத்து வரிசையாக வைத்தான். ஊரில் எல்லார் கையிலும் இருக்கிற கம்பெனிதான். உடைந்தால் கண்ணாடி கிடைக்கும், உறை கிடைக்கும், அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு சார்ஜரும் சேரும். அவள் ஒன்றைத் தொட்டாள். திரை பளீரென்று நீலமும் சிவப்புமாக எரிந்தது. சட்டென்று அதைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அடுத்ததையும் அப்படியே கவிழ்த்தாள். பிறகு அலமாரியின் மூலையில், பழைய டப்பாக்களுக்குப் பின்னால் கிடந்ததைக் காட்டி அது என்னவென்று கேட்டாள்.

“அது கெடக்கு வுடுக்கா. சிங்கப்பூர்லேந்து வந்த ஒருத்தர் புக்கு படிக்கறதுக்குனு வாங்கினது. பேரே வாய்ல நுழையாது. சினிமா பாத்தா பேய்ப் படம் மாதிரி இருக்கும்.”

“பேசினா கேக்கும் இல்ல?”

“அதெல்லாம் கேக்கும்.”

“அப்ப குடு.”

கெட்டுப்போனால் இதற்கு ஒரு திருகாணிகூடத் தன்னிடம் கிடைக்காது என்று அனஸ் எச்சரித்தான். அதற்குள் அவள் சிம் கார்டை எடுத்து அவன் முன்னால் வைத்துவிட்டாள். பழைய போன் என்னவாயிற்று என்று அவன் கேட்கவில்லை. அது கேட்கக்கூடாத கேள்வி என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

பழைய போன் உடையவில்லை. வீட்டில் பீரோவின் அடித்தட்டில் ஒரு துணியில் சுற்றி, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சென்ற ஆடியில் அவள் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்காகத் திருப்பாலைவனம் போயிருந்தாள். அன்று காலையில் முகத்துவாரத்தில் கடலும் ஏரியும் மோதிக்கொள்ளும் இடத்தில் படகு கவிழ்ந்ததோ, கூட இருந்தவர்கள் நீந்திக் கரையேற அவள் புருஷன் மோகன்குமார் மட்டும் காணாமல் போனதோ, எல்லாக் குப்பத்துப் படகுகளும் அவனைத் தேடிப் போயிருந்ததோ அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லத் துணியவில்லை. ஊருக்குத் திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது போன் அதிர்ந்தது. ஊர் குரூப்பில் ஒரு படம். தொட்டாள். ஈர மணல்மேல் மோகனின் முகம், திரை முழுக்க, பளிச்சென்று எல்லா நிறத்தோடும். படத்துக்குக் கீழே ‘கெடச்சுட்டான்’ என்று ஒரு சொல்.

அனுப்பியிருந்தது மோகனின் தம்பி சகாதேவன்.

அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை, அவனிடமும் பேசியதில்லை. அவன் வந்தால் தண்ணீர் கொடுப்பாள், சாப்பிடச் சொல்லுவாள். அவன் முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள்.

புதுப் போனோடு குடித்தனம் நடத்துவது லேசாக இருக்கவில்லை. பூவிழி ஏரி நண்டை வலைக்காரர்களிடம் வாங்கித் தரம் பிரித்து, ஜமால் முகம்மது பாய்க்கு அனுப்புகிறவள். படம் அனுப்பினால்தான் பாய் சென்னைக்கு விலை பேசுவார். அவள் எடுக்கும் படம் பாயின் போனில் வண்ணத்தோடு போய் விழும், அவளுக்குத்தான் தெரியாது. ஒருநாள் பாய் கூப்பிட்டு, நண்டெல்லாம் உயிரோடு இருக்கிறதா, மேலே என்ன செக்கச்செவேலென்று கிடக்கிறது என்று பதறினார். அவள் திரும்பிப் பார்த்தால், கூடையின்மேல் மகள் கலைவாணியின் பள்ளிக்கூட ரிப்பன். இன்னொரு முறை அவளுடைய அக்கா புடவைப் படங்களை அனுப்பி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள். இருப்பதிலேயே மங்கலாகத் தெரிந்ததைப் பூவிழி சொன்னாள். வந்து பிரித்தால் நல்ல ரோஜா நிறம். மாமியார் இருசம்மாள் அதைப் பார்த்துவிட்டு வெளியே போனாள். மறுநாள் அவளாகவே வந்து, “கட்டிக்கோ. இங்க அடிக்கிற வெயிலுக்குச் சீக்கிரம் வெளுத்துரும்” என்றாள்.

கலைவாணிக்கு அந்தப் போனைக் கண்டாலே ஆகாது. விளையாட முடியாது, பாட்டுப் படம் பார்த்தால் ஆட்கள் வெட்டி வெட்டி ஆடுவார்கள். பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று அழுதாள். இருந்தும் பூவிழி மாற்றவில்லை.

அந்தப் போனுக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. உச்சி வெயிலில் ஏரிக்கரையில் நின்று மற்றவர்கள் போனைப் பார்த்தால் அவரவர் முகம்தான் தெரியும். முந்தானையைத் தலைக்குமேல் இழுத்து, கையைக் குவித்து, குனிந்து குனிந்து பார்ப்பார்கள். பூவிழியின் போனில் வெயில் ஏற ஏற எழுத்து தெளியும். பாய் அனுப்பும் விலையை அவள்தான் எல்லாருக்கும் படித்துச் சொல்லுவாள். “ஜெராக்ஸு, இன்னிக்கு இன்னா ரேட்டு போட்டுக்கிறாரு உங்க பாய்?” என்று படகிலிருந்தே குரல் வரும். அந்த நேரங்களில் மட்டும் அவள் ஓர் இடத்தில் நிற்பாள்.

இந்த ஆடி நெருங்கியதும் அதுவும் போயிற்று.

வருஷம் வருகிறது, அண்ணனுக்குப் படகுத்துறையில் பெரிய பிளெக்ஸ் கட்ட வேண்டும் என்று சகாதேவன் சொன்னான். ஊர் வழக்கம் அதுதான். முதலாம் ஆண்டு நினைவுக்குப் படம் வைக்காவிட்டால் வீட்டில் ஆளில்லை என்று அர்த்தம். ஆனால் மோகனுக்கு நல்ல படமே வெளியில் இல்லை. அடையாள அட்டையில் இருப்பது தபால்தலை அளவு, பெரிதாக்கினால் மூக்கு கரைந்துவிடும். கல்யாண ஆல்பத்தில் இருப்பவன் மீசை முளைக்காத பிள்ளை. கலைவாணி பிறந்தநாளுக்குச் சிரித்துக்கொண்டு எடுத்த படம் இருக்கிறதே, அதைக் கொடு என்று இருசம்மாள் கேட்டாள். அது பழைய போனில் இருந்தது. அந்தப் படத்துக்குப் போக வேண்டுமானால், ஊர் குரூப்பிலிருந்து தானாக வந்து விழுந்து கிடக்கும் மற்றொரு படத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நாளைக்குத் தருகிறேன் என்றாள். மறுநாள் சார்ஜர் காணவில்லை என்றாள். அதற்கும் மறுநாள் போன் ஏறமாட்டேன் என்கிறது என்றாள். மூன்றும் பொய். பீரோவைத் திறப்பாள், துணி முடிச்சைத் தொடுவாள், மூடுவாள். கொட்டகைக்குப் போவாள், நண்டுக்குக் கயிறு கட்டுவாள், பாதியில் எழுந்து வீட்டுக்கு வருவாள், மறுபடியும் பீரோ முன்னால் நிற்பாள். ஒருமுறை கட்டின கயிறு தளர்ந்து நண்டு கட்டைவிரலைப் பிடித்துவிட்டது. வலித்த சிறிது நேரம் மனசு ஒரு பக்கமாக நின்றது.

தெருவில் பேச்சு கிளம்பியது. அவளுக்குப் படம் கொடுக்க இஷ்டமில்லை, அம்மா வீட்டோடு போகப்போகிறாள், அதனால்தான் என்று ஒருத்தி சொல்ல, அது இருசம்மாள் காது வழியாகச் சகாதேவனிடம் போய்ச் சேர்ந்தது. அவன் மத்தியான வெயிலில் நேரே கொட்டகைக்கு வந்தான். நண்டு கொடுக்க வந்த வலைக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். அவள் ஈரச் சாக்கை உதறி நண்டுக்கூடையின்மேல் போர்த்திக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குள்ள குடுத்தாத்தான் பிரிண்ட்டு போட முடியும் அண்ணி. ஒரு போட்டோ. அதக்கூடக் குடுக்க மனசு வரலியா?”

அவள் சாக்கின் ஓரத்தைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் சரிசெய்தாள்.

“அந்தப் போன தொறந்தா மொதல்ல இன்னா வந்து நிக்கும்னு ஒனக்குத் தெரியும்” என்றாள். “நீ போட்டதுதான் அது.”

ஒரு வருஷமாக உள்ளே வைத்திருந்தது இவ்வளவு சின்னதாக வெளியே வரும் என்று அவள் நினைக்கவில்லை. சகாதேவன் கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டான்.

“ஊர்ப் படகு அத்தனையும் கடல்ல தேடினு இருந்துச்சு. இன்ஜின் சத்தத்துல கால் பண்ணா கேக்காது. வெறுமன எழுதினா நம்பமாட்டாங்க, இன்னும் உள்ள போய்னே இருப்பாங்க. அலை ஏறிடுச்சு அண்ணி. இன்னொருத்தன் போயிடக்கூடாதுன்னு எடுத்துப் போட்டேன்.” கம்பிலிருந்து கையை எடுத்தான். “நீயும் அந்த குரூப்ல கீறன்றது எனக்கு ஞாபகமே வரல.”

அவளை அந்த குரூப்பில் சேர்த்தது மோகன்தான். யார் வலையில் நண்டு விழுகிறது என்று தெரிந்தால் அவளுக்கு உதவும் என்று சேர்த்திருந்தான். அதைச் சகாதேவனிடம் சொல்லலாமா என்று பார்த்தாள், சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்த் துணி முடிச்சையும் சார்ஜரையும் எடுத்துவந்து அவன் கையில் வைத்தாள்.

“நீயே தொற. அத மொதல்ல அழி. அப்புறம் மத்தத அனுப்பு எனக்கு. எது வேணும்னு நான் சொல்றேன்.”

கொட்டகைப் பிளக்கில் செருகிவிட்டு, சுவரைப் பார்த்து அவன் உட்கார்ந்தான். அவள் உட்காரவில்லை. வாசலுக்கும் தராசுக்கும் இடையில் நடந்தாள். போனுக்கு உயிர் வருவதற்குள் எத்தனை தடவை நடந்தாளோ. அவன் முதுகை மட்டும் பார்த்தாள். முதுகு அசையாமல் இருந்தது, பிறகு தோள் இரண்டும் குலுங்கின, பிறகு மறுபடியும் அசையாமல் இருந்தது.

“போச்சு” என்றான், திரும்பாமல். “என் போன்ல அன்னிக்கே அழிச்சுட்டேன். இப்பத்தான் மறுபடி பாக்கறேன்.”

அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்ததா என்று கேட்டால் இல்லை. ஆனால் அந்தப் படத்தை இரண்டாவது தடவை பார்த்தவன் அவன், தான் இல்லை என்பது மட்டும் மனதில் நின்றது. தண்ணீர் சொம்பை எடுத்து அவனுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஒவ்வொன்றாகப் படங்கள் புளூடூத்தில் அவள் போனுக்கு வரத் தொடங்கின. உள்ளே இருட்டாக இருந்தது; அவள் வெயிலுக்குப் போனாள். திரை கறுத்து வெளுத்தது. கலைவாணியைத் தோளில் தூக்கிக்கொண்டு மோகன். கறுத்து வெளுத்தது. வாயில் கேக்கோடு மோகன். அடுத்தது வரும்போது முந்தைய சிரிப்பின் நிழல் அடியில் தங்கியது. மூன்றாவதில் அவன் தனியாக நின்றான்; யாரோ கூப்பிட்டுத் திரும்பியவன்போல, சிரிப்பு முழுதாக வந்து சேராத முகம். ஒவ்வொரு முடியும் தெரிந்தது, சட்டையின் மடிப்புகூடத் தெரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இது” என்றாள்.

சகாதேவன் எழுந்துவந்து பழைய போனில் அதே படத்தைத் திறந்து பார்த்தான். தயங்கினான். நினைவுப் பிளெக்ஸுக்கு இந்தச் சட்டை ரொம்பத் தூக்கலாக இருக்கும், வேண்டுமானால் பிரிண்ட்டுக்காரரிடம் சொல்லிக் கறுப்பு வெள்ளையாக்கிவிடலாம் என்றான்.

“இன்னா கலரு அது?”

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அந்தச் சட்டையைக் கடையில் பார்த்து எடுத்தவள் அவள். துவைத்துக் காயப்போட்டவள் அவள். கண்ணை மூடித் தேடினாள். மடிப்பு வந்தது, பித்தான் வந்தது, வாசனைகூட வந்தது, நிறம் வரவில்லை. சாம்பலாகவே நின்றது.

“ஆரஞ்சு” என்றான் சகாதேவன். “நல்ல ஆரஞ்சு.” அவள் இன்னும் கண்ணை மூடியிருப்பதைப் பார்த்து, போனை நீட்டிக் காட்டவில்லை, கீழே இறக்கிக்கொண்டான். “காட்டட்டுமா?”

அவள் தலையசைத்து மறுத்தாள். பிளெக்ஸை எங்கே கட்டப்போகிறான் என்று கேட்டாள். படகுத்துறை வளைவில், மின்கம்பத்தை ஒட்டி என்றான். கொட்டகைக்கு அவள் தினமும் வருகிற வழி அதுதான். வேண்டாமென்றால் கோயில் பக்கம் கட்டுகிறேன் என்றும் சொன்னான்.

பூவிழி கண்ணைத் திறந்தாள். தூரத்தில் ஏரியில் ஒரு படகு திரும்பிக்கொண்டிருந்தது; அதிலிருந்து யாரோ விலை கேட்டுக் கையை ஆட்டினார்கள்.

“அங்கயே கட்டு” என்றாள். “கலர்லயே போடு.”

சொல்லிவிட்டு, வந்த படகைப் பார்க்காமல், படகுத்துறை வளைவு வரைக்கும் வேகமாக நடந்துபோய், வெறுமனே நின்றிருந்த அந்த மின்கம்பத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.