சேணத்தில் வைத்த தண்ணீர்

விடியுமுன் எங்கள் மலைக்குடிலில் இரண்டு பெரிய பானைகள் நிறையத் தேநீர் தயாராக இருக்கும். ஏறப் போகிறவர்கள் பாட்டிலை நீட்டுவார்கள், நான் கரண்டியால் ஊற்றுவேன். லேசான இனிப்பு, கொஞ்சம் எலுமிச்சை. நல்ல தேநீர் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. குடிலுக்குப் பின்னாலுள்ள பனித்திட்டு உருகி வருவதுதான் எங்களுக்குத் தண்ணீர். இருட்டினால் குழாய் உறைந்துவிடும் என்பதால் மாலையிலேயே பிடித்து வைத்துக்கொள்வோம்.

ஓடிலோவை நான் அறிந்ததெல்லாம் இந்தப் பானைகளுக்குப் பின்னால் நின்றபடிதான். மற்ற வழிகாட்டிகள் பாட்டிலை நிரப்பிக்கொண்டு ஓடுவார்கள். அவர் நின்ற இடத்திலேயே ஒரு குவளை குடிப்பார். கூட வந்தவரையும் குடிக்க வைப்பார். முந்தின மாலையே சூப் இரண்டு தட்டு உள்ளே போயிருக்க வேண்டும். "பையில இருக்கிற தண்ணி தோளை அறுக்கும். வயித்துல இருந்தா சத்தம் போடாம கூட வரும்" என்பார். இளம் வயதில் சிறுநீரகக் கல் வந்து, பனியாற்றின் நடுவில் சுருண்டு கிடந்தவர் அவர். அதிலிருந்து தண்ணீர் விஷயத்தில் விளையாட்டே கிடையாது.

கீழே ஊரில் ஒரு தச்சரின் மகன். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு லிஃப்டில் வேலை, கோடையில் கயிறும் பனிக்கோடரியும். பிள்ளைகள் ஜெனீவாவில். வீட்டில் அவரும் மனைவி க்ரெஸென்ஸும் மட்டும்.

வசந்தத்தில் ஊரிலுள்ள வழிகாட்டிகள் ஆபீஸில் வேலையைப் பிரிப்பார்கள். பெரிய முகட்டுக்கு யார் யார், பாலாடைக்கட்டி ருசிக்க வருகிறவர்களோடு நடக்க யார், பள்ளிப் பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப் போக யார் என்று. இந்த வருடம் ஆபீஸ் தலைவர், "என்ன ஓடிலோ, இன்னமும் முகடுதானா?" என்று கேட்டாராம். "ஏன், எனக்குக் கல்லறையில இடம் பாத்துட்டியா?" என்றாராம் ஓடிலோ. அதற்குமேல் அவர் கேட்கவில்லை. ஆனால் குளிர்காலத்திலேயே ஓடிலோவின் வலது தோள் போய்விட்டிருந்தது. கை காதுக்கு மேல் எழும்பாது. ஒருவருக்கும் சொல்லவில்லை. மேல் தட்டிலிருந்து குவளை எடுக்க அவர் இடது கையை நீட்டத் தொடங்கியபோது நான் புரிந்துகொண்டேன். வெளியே தெரிந்தால் முகடு போய்விடும்.

பெரிய முகடு ஒரு முழு நாள் வேலை. வழியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பாதித் தூரத்தில் ஒரு தாழ்வு இருக்கிறது, அதைச் சேணம் என்போம். அங்கே ஆகஸ்ட் மாதத்திலும் ஒரு பனித்திட்டு கிடக்கும். எல்லோருடைய கணக்கும் அதை நம்பித்தான். குடிலிலிருந்து பாதி வழிக்குத் தேநீர் எடுத்துப் போவார்கள். சேணத்தில் மிச்சத் தேநீருக்குள் பனியைத் திணித்துக் குலுக்கி மீதி வழிக்கு வைத்துக்கொள்வார்கள். இந்தக் கோடையில் அந்தத் திட்டு இல்லை. வெறும் கல். இனி முழு நாளுக்கும் வேண்டியதைச் சுமந்துதான் போக வேண்டும்.

இந்த வருடம்தான் ஐஸலின் அம்மாள் முகட்டுக்கு வருவதாக இருந்தது. பாசல் நகரத்தில் மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர். கோடைதோறும் ஓடிலோவோடு ஒரு சிகரம் ஏறி ஏறி, கடைசியில் இது ஒன்றுதான் பாக்கி. ரொட்டியும் உலர்ந்த இறைச்சியும் அவர் பையில், இருவருக்குமான தண்ணீர் ஓடிலோவின் பையில் என்பது அவர்களுக்குள் பழகிப்போன ஏற்பாடு.

அவர் வருவதற்கு முந்தின நாள் ஓடிலோ தனியாகக் குடிலுக்கு வந்தார். "பாறை எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரேன்" என்றார். என்னிடம் இரண்டு பாட்டில்களில் முக்கால் அளவுக்குத் தேநீர் ஊற்றச் சொன்னார். நிறைய ஊற்றினால் உறைந்து வெடிக்கும். இரண்டையும் க்ரெஸென்ஸ் பின்னிய கம்பளிச் சாக்ஸுக்குள் நுழைத்தார். சேணத்தில் பாறைக்கடியில் வைத்துவிட்டுப் பொழுது சாயும்போது திரும்பினார். முகம் சாம்பலாக இருந்தது. "வச்சாச்சு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மாலை சாப்பாட்டு நேரம். ஐஸலின் அம்மாள் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார். யோடோக் என்ற இளம் வழிகாட்டி, மறுபக்கத்திலிருந்து முகட்டைக் கடந்து தன் ஆட்களோடு வந்து சேர்ந்தான். எங்கள் மலையில் ஆரஞ்சுத் தோலைக்கூட யாரும் போட்டுவிட்டு வர மாட்டார்கள். யார் குப்பையானாலும் கண்ணில் பட்டால் வழிகாட்டி எடுத்துக்கொண்டு இறங்குவார். யோடோக் பையைத் திறந்து இரண்டு காலி பாட்டில்களையும் இரண்டு சாக்ஸையும் என் முன்னால் மேடையில் வைத்தான்.

"பாருங்க கூத்த! சேணத்துல பாறைக்கு அடியில சொருகி வச்சிருக்கான். எந்தப் பன்னியோ!"

"காலியாவா கெடந்துச்சு?" என்று கேட்டார் குடில் பொறுப்பாளர் மார்செல்.

"முக்கால் பாட்டில். மஞ்சளா. தேத்தண்ணியா மூத்திரமான்னு நக்கியா பாக்க முடியும்? கவுத்துட்டு வந்துட்டேன்."

"சாக்ஸ் எதுக்குடா?"

"மூத்திரத்துக்குக் குளிருமாம்!"

மேசையே சிரித்தது. ஓடிலோ ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார், வேண்டாம் என்று. பிறகு சூப் தட்டைத் தள்ளிவிட்டு, "இப்பல்லாம் எவனுக்கும் ஒழுங்கு கெடையாது" என்றார்.

காலையில் இரண்டே இரண்டு பாட்டில்களை நீட்டினார். ஊற்றிவிட்டு நான் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"போதும்" என்றார்.

"பத்தாதுங்க."

"வடக்குப் பக்க இடுக்குல ஏதாவது ஐஸ் ஒட்டிட்டிருக்கும். கொத்திக்கலாம்." மூன்று குவளை அங்கேயே குடித்தார். வலது தோளுக்குப் பையை ஏற்ற, சுவரில் சாய்ந்துகொள்ள வேண்டியிருந்தது. இன்னும் இரண்டு பாட்டில் ஏறியிருந்தால் அவரால் எழுந்திருக்கவே முடிந்திருக்காது.

அன்றைக்கு மேகமே இல்லை. வறண்ட காற்று. மத்தியானம் மார்செல் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். "சேணத்துலயே உக்காந்திருக்கான். என்ன, கூடு கட்றானா?" சற்றுப் பொறுத்து, சிரிக்காமல் சொன்னார்: "திரும்புறாங்க."

பொழுது சாயும் நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். ஓடிலோ வெளிப்பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினார், மடக்கவில்லை. நான் தண்ணீர் கொடுத்தேன். ஐஸலின் அம்மாளின் உதடு வெடித்திருந்தது, ஆனாலும் வாய் ஓயவில்லை.

"வழியெல்லாம் இவர், 'நீங்க குடிங்க, நான் குடிச்சிட்டேன், நீங்க குடிங்க, நான் குடிச்சிட்டேன்'னே சொல்லிட்டிருந்தார்! காலமெல்லாம் மருந்தை மில்லி மில்லியா அளந்தவ நான். பாட்டில்ல எவ்வளவு இறங்கியிருக்குன்னு எனக்குத் தெரியாதா? கடைசியில இவருக்குக் கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. அப்புறம்தான் 'திரும்பணும்'னு வாய் வருது."

"இடுக்குல வெறும் சேறு" என்றார் ஓடிலோ.

யோடோக் தன் ஆட்களோடு பக்கத்துச் சிறிய சிகரத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் இறங்கியிருந்தான். எங்கள் வழிகாட்டிகளுக்குள் வயது வித்தியாசம் இல்லாமல் 'நீ'தான்.

"என்ன கிழவா, பாதியில திரும்பிட்ட? காத்தா?"

"தண்ணி."

"உனக்கா? தண்ணி விஷயத்துல ஊருக்கே பாடம் எடுக்கிறவனாச்சே நீ!"

"அந்த பாட்டில் என்னோடது. சாக்ஸும்தான்."

ஐஸலின் அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன்யா அப்பவே சொல்லல? நான் பாட்டுக்குக் கவுத்துட்டு வந்து இளிச்சிட்டிருந்தேன்!"

"மூத்திரம்னு நீ சொன்னப்புறம் என்னோடதுன்னு எப்படிய்யா சொல்றது?"

யாருக்கோ சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

"எதுக்கு முன்னாடியே கொண்டுபோய் வைக்கணும்?" என்றான் யோடோக்.

ஓடிலோ வலது கையைத் தூக்கிக் காட்டினார். காதுவரை வந்து நின்றுவிட்டது. "குளிர்காலத்துலேருந்து."

"ஆபீஸ்ல என் வாயால வராது."

"உன் வாய எதுக்கு நம்பணும்? நானே சொல்லிக்கிறேன். அடுத்த வாரம் வானம் இப்படியே இருந்தா இந்த அம்மாவ நீ கூட்டிட்டுப் போ."

"நான் என்ன பசுமாடா, கேக்காம கைமாத்தி விட?" என்று சீறினார் ஐஸலின் அம்மாள்.

"மாடா இருந்தா தானா குடிக்கும்." ஓடிலோ யோடோக் பக்கம் திரும்பினார். "இவங்களுக்குத் தாகமே எடுக்காது. தலை வலிக்குதுன்னு சொல்வாங்க, அப்போ காரியம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். நின்னு கயித்தை இழுக்கிற ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு வாய். வேணுமான்னு கேக்காத, கையில குடு."

"நாலு பாட்டில்?"

"அஞ்சு. நீ பேசிட்டே ஏறுவ, வாய் காயும்."

ஐஸலின் அம்மாள் சிரிக்கவில்லை. "அப்போ நீங்க, ஓடிலோ?"

"நான் பிள்ளைங்களோட ஏரியைச் சுத்துவேன். அங்க பத்தடிக்கு ஒரு ஓடை. தண்ணியே தூக்க வேண்டாம்."

நல்ல செய்தி சொல்வதுபோல் சொல்லப் பார்த்தார். நான் குவளையை வாங்கி, மறுபடி நிரப்பிக்கொண்டு வர உள்ளே போனேன்.