சீனி போடாத தேநீரும் ஊற்றுத் தண்ணீரும்

பல்லியைக் கண்டாலே நாற்காலி மேல் ஏறுகிற ஆள் நான். அப்படிப்பட்டவன், ஆவிகளை வரவழைக்கும் முறைகளைப் பற்றிய புத்தகம் ஒன்றைப் பிரிக்ஃபீல்ட்ஸ் பழைய புத்தகக் கடையில் வாங்கி, கிள்ளான் போகும் ரயிலில் படித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து ஆன்டி எட்டிப் பார்த்தார். அடுத்த நிலையத்தில் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால், எகிப்தில் கிரேக்க மொழியில் எழுதி வைத்த மந்திரச் சுவடிகள். விளக்குக்குச் சிவப்புச் சாயம் ஆகாது, திரி சுத்தமான நூலாக இருக்கவேண்டும் என்று ஏகப்பட்ட கண்டிஷன். கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, எண்ணெய் விட்டு, கூப்பிட்டவர் வருகிறாரா என்று அதற்குள் பார்ப்பார்களாம். அந்தத் தண்ணீரிலும் தரம் உண்டு. வானத்துத் தெய்வத்துக்கு மழைநீர். பூமித் தெய்வத்துக்குக் கடல்நீர். செத்தவர்களுக்கு ஊற்றுநீர். சில மந்திரங்களில் கூப்பிடுகிறவனே, 'அந்தத் தெய்வம் நான்தான்' என்று அடித்துச் சொல்வான். என்ன தைரியம்லா இவனுக்கு என்று சிரித்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமைதான் கிள்ளானை அடுத்த மேருவில், அண்ணன் வீட்டில், அவருக்கு முதல் வருஷப் படையல்.

அண்ணன் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். இனிப்புநீர் நோய். கடைசி நாள் காலையில் களவாகச் சீனி போட்டுத் தே கலக்கியிருக்கிறார். அண்ணி அவர் கையிலிருந்து கப்பைப் பிடுங்கி சிங்க்கில் ஊற்றிவிட்டார். அண்ணன் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மத்தியானம் லோரியிலேயே நெஞ்சுவலி.

"கோவத்தோட போனவரு, கூப்பிட்டா வருவாரா தம்பி?" ஒரு வாரமாக போனில் அண்ணிக்கு இதே கேள்வி.

"நண்டு வச்சா எங்கிருந்தாலும் வந்துருவாரு அண்ணி" என்பேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

அன்றைக்குப் பார்த்து மேருவில் தண்ணீர் வெட்டு. போகிற வழியில் கடையில் இரண்டு பெரிய போத்தல் தண்ணீர் வாங்கிப் போனேன். அண்ணி அதில்தான் தே போட்டார். இலையில் நண்டு, ஆட்டுக்கறிப் பிரட்டல், சிகரெட், பக்கத்தில் தே. விளக்கேற்றி, சாம்பிராணி காட்டி, அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தோம். கொஞ்ச நேரம் கழித்து மூன்று முறை தட்டிவிட்டுத்தான் திறக்கவேண்டும். உள்ளே சாப்பிடுகிறவர் திடுக்கிடக் கூடாது.

அண்ணி முகம் கழுவப் போனார். நான் குசினியில் அடுப்புப் பக்கம் சும்மா நின்றேன். காலிப் போத்தலில் ஒட்டியிருந்த தாளை வாசித்தேன். மலை ஊற்றுத் தண்ணீர்.

செத்தவர்களுக்கு ஊற்றுநீர்! இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் எவனோ நைல் நதிக்கரையில் எழுதி வைத்த விதி, இந்த டெரஸ் வீட்டுக் கெட்டில் வழியாக நிறைவேறியிருக்கிறது.

அதற்குப் பக்கத்திலேயே சீனி சேர்த்த டின்பால். உடைக்காத டின். சீனி டப்பா அலமாரியின் உச்சியில், அண்ணன் காலத்தில் ஒளித்த இடத்திலேயே தூசியோடு இருந்தது. அண்ணியின் கை பழக்கத்தில் பாலும் சீனியும் இல்லாத வெறும் கோசோங் போட்டிருக்கிறது. சீனிக்காகக் கோபித்துக்கொண்டு போன மனுஷனை அழைத்து, சீனியில்லாத தே!

சொன்னால் அண்ணி தாங்கமாட்டார். டின்னில் இரண்டு ஓட்டை போட்டேன். தட்டாமல் அறைக்குள் நழுவிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜன்னல் சாத்தியிருந்தது. சாம்பிராணிப் புகை தலைமட்டத்தில் நின்றது. விளக்குச் சுடர் கொஞ்சமும் ஆடவில்லை. நண்டு வாசம், சிகரெட் வாசம், அண்ணனுடைய தலையணை வாசம். வாயில் ஒரு ஜோக் தயாராக வைத்திருந்தேன், வரவில்லை. அங்கே யாரையும் நான் பார்க்கவில்லை. ஆனால் தனியாக நிற்கிறேன் என்று மட்டும் என்னால் நினைக்க முடியவில்லை. பெரிய கோயிலுக்குள் செருப்போடு வந்துவிட்டவன் மாதிரி நின்றேன்.

டக். டக். டக்.

உடனே கதவு திறக்கவில்லை. அண்ணியின் குரல் மட்டும், மரத்தில் வாய் வைத்துப் பேசுவதுபோல வந்தது.

"வந்துட்டீங்களா? இன்னும் கோவமா?"

அண்ணன் குரலில் பேச எனக்கு நன்றாக வரும். கல்யாண வீடுகளில் அதைச் செய்துகாட்டித்தான் பேர் வாங்கினேன். 'இல்லடி' என்று ஒரே வார்த்தை போதும். அண்ணி ஆயுசுக்கும் நிம்மதியாகத் தூங்குவார். 'தெய்வம் நான்தான்' என்ற அந்த எகிப்துக்காரன் தயங்கியிருக்கமாட்டான்.

சுடரைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அந்த இடத்தில் பேசும் உரிமை எனக்கு இல்லை.

கதவு திறந்தது. கையில் டின்னோடு நான்.

"தம்பி? என்ன பண்றீங்க?"

"தேல சீனி இல்ல அண்ணி."

தேயைப் பார்த்தார். அலமாரி இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஐயோ... இன்னைக்குமா!" என்றவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு என் கையிலிருந்த டின்னைப் பிடுங்கினார். கப்பின் விளிம்பில் தே ததும்பும்வரை ஊற்றினார், கலக்கினார், இன்னும் ஊற்றினார்.

"போதும் அண்ணி, எறும்பு வந்துரும்."

"வரட்டும்லா."

கப்பை இலைக்குப் பக்கத்தில் வைத்தார். "இந்தாங்க" என்று விளக்கைப் பார்த்துச் சொன்னார். என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

வந்த ஆவியைத் திருப்பி அனுப்பவும் அந்தச் சுவடிகளில் வாசகம் உண்டு. அதை எடுத்துவிடலாமா என்று அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை.

பத்து நிமிஷம் கழித்துக் கேட்டேன். "தட்டட்டுமா அண்ணி?"

"இருங்க தம்பி. இனிப்புத் தேயா இருந்தா அவரு மெதுவாத்தான் குடிப்பாரு."