அடுத்த வருடம் யார் முதலிடம்

எட்டு வயதிலிருந்து பத்து வயதுவரை எங்கள் வீட்டில் எதிர்காலம் சொல்லும் பொறுப்பு என்னிடம் இருந்தது. மழை வருமா, அத்தை வீட்டுப் பேச்சுவார்த்தை ஒத்துவருமா என்பதெல்லாம் என் இலாகா இல்லை. உலகத்துப் பெண்களில் டென்னிஸ் தரவரிசையில் அடுத்த வருடம் யார் முதலிடத்துக்கு வருவாள் என்பது மட்டும்தான்.

பீளமேட்டில் எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்திருந்த புதிது. சித்தப்பாவுக்கு அதில் கிரிக்கெட்டைவிட டென்னிஸ்தான் பிடித்துப்போனது. அப்பாவோடு சிங்காநல்லூர் வார்ப்புப் பட்டறைக்குப் போய்வந்து, மேல் கழுவிக்கொண்டு, டிவி முன்னால் சம்மணம் போட்டாரென்றால் அம்மா தட்டைக் கையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஆட்டக்காரிகளின் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். உயரமானவள் நெட்டக்கொக்கு. நெற்றியில் துணிப்பட்டை கட்டியவள் பட்டைக்காரி. பட்டியலில் எங்கோ கீழே கிடந்த ஒரு புதுப்பெண்ணுக்கு முயல்பல்லு என்று பெயர். ஒருநாள் நான், முயல்பல்லு அடுத்த வருடம் முதலிடத்துக்கு வருவாள் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் வந்தாள். அதற்கடுத்த வருடம் பட்டைக்காரி என்றேன். அதுவும் பலித்தது.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் சித்தப்பா என்னை முன்னால் நிறுத்தினார்.

"அங்கெல்லாம் கம்ப்யூட்டர்தான் நம்பர் போடுதுங்க. ஆனா அது போன வருஷத்து ஆட்டத்தப் பாத்துப் போடுது. நம்ம பாப்பா வர்ற வருஷத்தப் பாத்துப் போடறா."

கம்ப்யூட்டரை எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆகவே அதைவிட நான் பெரியவள் என்பதை நம்புவதில் ஒருவருக்கும் சிரமம் இருக்கவில்லை.

உண்மையில் நான் எதையும் கண்டுபிடித்ததே இல்லை. பாயில் என் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அக்கா, திரையைப் பார்த்தபடி தனக்குத்தானே முணுமுணுப்பாள். "பந்து வர்றதுக்கு முன்னாடியே இவளுக்குக் காலு போயிருது. மேல வந்துருவா." இன்னொருத்தி ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே, "இவளுக்குத் தோள்பட்டை வலிக்குது, ரொம்ப நாள் தாங்கமாட்டா" என்பாள். அவள் தனக்குச் சொல்லிக்கொண்டதை நான் ஊருக்குச் சொன்னேன். பெயர் எனக்கு வந்தது. அக்கா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிச் சிரிப்பாளே தவிர, ஒருநாளும் காட்டிக்கொடுத்ததில்லை.

அக்காவுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அவள் ஆடுகிறவள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரில் பந்தடித்தவளை, பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொல்ல, அப்பாவே அவளைப் பழைய மில் ஒன்றின் பின்னாலிருந்த செம்மண் மைதானத்தில் சேர்த்துவிட்டார். விடிவதற்குள் ஸ்கூட்டரில் அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு புறப்படுவார். முன்னால் நின்றுகொண்டு நானும் போயிருக்கிறேன். பட்டறையில் அத்தனை ஆட்களை அதட்டி வேலை வாங்கும் அப்பா, அங்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மகளுக்குப் பந்து பொறுக்கிப் போடுவார். நல்ல அடி ஒன்று விழுந்தால் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். இதை நான் குறிப்பாகச் சொல்கிறேன். அப்பாவைக் கெட்டவர் என்று யாரும் முடிவு கட்டிவிடக்கூடாது. கெட்டவராக இருந்திருந்தால் எங்கள் எல்லோருக்கும் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம் அந்த மைதானத்துக் கோச் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, காப்பியைக்கூடத் தொடாமல் பேசினார்.

"இங்க இவங்ககூட ஆடறதுக்கு இனி ஆளில்லீங்க. மெட்ராஸ்ல கொண்டுபோய் விடுங்க. தங்கறதுக்கு, சாப்பாட்டுக்கு எல்லாம் நான் ஏற்பாடு பண்றேனுங்க. ரெண்டே வருஷம். நாட்டுல மொத அஞ்சு பேருக்குள்ள வந்துருவாங்க."

"அஞ்சில்லீங்க, ஒண்ணு" என்றேன் நான்.

அப்பா என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். சித்தப்பா கைதட்டினார். அது ஒன்றுதான் நானாகச் சொன்னது. அக்காவிடமிருந்து எடுத்ததில்லை. தன்னைப் பற்றி அவள் எதையும் முணுமுணுத்ததே கிடையாது.

அந்த மாதமே சம்பந்தப் பேச்சும் வந்தது. அப்பாவின் பட்டறையில் வார்த்ததில் பாதிக்குமேல் வாங்கிக்கொண்டிருந்த பம்ப் கம்பெனிக்காரர்கள். அவர்கள் வேண்டாமென்றால் உலை அணைந்துவிடும். அவர்களாகவே வந்து பெண் கேட்டார்கள். மாப்பிள்ளைக்கு எந்தக் குறையும் இல்லை. மாப்பிள்ளையின் அப்பா, எங்கள் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து, மிக மரியாதையாக ஒன்றே ஒன்று கேட்டார்.

"எல்லாம் எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க. இந்தப் பந்தாட்டத்த மட்டும் இத்தோட நிறுத்திப்போடுங்க. நாலு பேரு பாக்கறாங்க இல்லீங்களா."

எங்கள் பக்கத்தில் கழுத்தைப் பிடிப்பதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் பிடிப்பார்கள்.

அன்று ராத்திரி அக்கா அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் அழவில்லை. "எனக்கு ஆடோணுங்கப்பா. ரெண்டு வருஷம் மட்டும் விடுங்க. அஞ்சு பேருக்குள்ள வரலீன்னா நீங்க சொல்ற எடத்துல கழுத்த நீட்டறேன்" என்றாள். அப்பா வெற்றிலையின் நரம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். நரம்பெல்லாம் தீர்ந்தபிறகும் கிள்ளினார். மறுநாள் காலை அக்கா மட்டையோடு வாசலில் காத்திருந்தாள். ஸ்கூட்டர் கிளம்பவில்லை. அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் தட்டும் டம்ளருமாக நடந்துகொண்டிருந்தாள். ஒருவர் பேசினால் இன்னொருவர் உடைந்துவிடுவார் என்பதுபோல அந்த வீடு வாயை மூடிக்கொண்டது.

சித்தப்பாதான் வழி சொன்னார். "அம்மன்கிட்டப் பூக் கேட்டுப்போடலாங்கண்ணா."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். மனிதர்களால் முடிவு செய்ய முடியாததைக் குலதெய்வத்திடம் விட்டுவிடுவது. சிவப்பு அரளியை ஒரு இலையிலும், வெள்ளை அரளியை இன்னொரு இலையிலும் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் வைத்து, ஒன்றும் அறியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அக்கா மெட்ராஸ் போகலாம். சிவப்பு வந்தால் கல்யாணம். எடுக்கப்போகிற குழந்தை யாரென்பதில் இரண்டாம் பேச்சே இல்லை. உலகத் தரவரிசையையே சொன்ன கை அல்லவா?

"அம்மன் என்ன சொல்லுதோ அதுதான் கண்ணு. நான் குறுக்க நிக்கமாட்டேன்" என்றார் அப்பா. பல நாள் கழித்து அவர் அக்காவிடம் பேசிய பேச்சு அது.

அக்கா உடனே ஒத்துக்கொண்டாள். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். வாடகைக் காரில் போகும்போது என் காதோடு சொன்னாள். "டாஸ் போடற மாதிரிதான் கண்ணு. பேட்டச் சுத்தி விடுவோமில்ல, எழுத்து மேல வருதா கீழ வருதான்னு. அதுல ஏமாத்து இல்ல." எத்தனையோ ஆட்டம் அவள் அப்படித்தான் தொடங்கியிருக்கிறாள். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. வீட்டில் அதுகூட இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பவானிக்குக் கீழே, காவிரிக் கரையில் எங்கள் அம்மன் கோயில். ஆவணி மாதம். ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. பூசாரி பொட்டலம் கட்டக் கையை நீட்டியபோது அப்பா பூக்கூடையைக் கொடுக்கவில்லை.

"நானே கட்டறேனுங்க. என்ற புள்ள விசயம்."

ஒரு பூச்சரம்கூடக் கட்டத் தெரியாத அப்பா கூடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனார். வெகுநேரம் கழித்து வந்தார். இரண்டு வாழையிலைப் பொட்டலங்களும் அழகாக, ஒரே அளவாக இருந்தன. அவருக்குச் சட்டையெல்லாம் நனைந்து வியர்த்திருந்தது. எனக்குக் குளிரிக்கொண்டிருந்தது.

பூசாரி மணியடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, அக்காதான் ஒன்று, அக்காதான் ஒன்று என்று மனதுக்குள் சொல்லி, வலதுபக்கத்தை எடுத்தேன். பூசாரி பிரித்தார். சிவப்பு.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அது நிம்மதியா துக்கமா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா மட்டும் நேராக நின்றாள். தோற்ற ஆட்டத்தின் முடிவில் வலையருகே போய்க் கை கொடுப்பாளே, அதேபோல அம்மனைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தாள். பிறகு குனிந்து, பிரிக்காத பொட்டலத்தை எடுத்தாள்.

"இத ஆத்துல உட்டுட்டு வாரேனுங்க."

"நீ இரு கண்ணு, நான் போறேன்" என்று அப்பா அவசரமாக எழுந்தார். அதற்குள் பூசாரி திருநீற்றுத் தட்டை அவருக்கு முன்னால் நீட்டிவிட்டார். தட்டைத் தாண்டிக்கொண்டு போகமுடியாது. நான் அக்காவின் பின்னால் ஓடினேன்.

படித்துறையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கை பொய்த்துப்போனது முதல் காரணம். அக்கா போகாமல் போனது இரண்டாம் காரணம் என்றுதான் நினைக்கிறேன், அந்த வயதில் வரிசை அப்படித்தான் இருந்திருக்கும். அக்கா என் மூக்கைத் துடைத்துவிட்டாள். "உன்ற மேல ஒண்ணுமில்ல சாமி. டாஸ்ல தோக்கறதும் உண்டு" என்றாள். அப்போதும் நான் நிறுத்தவில்லை. அந்த வெள்ளைப் பூவையாவது என் தலையில் வைத்துவிடு என்று அடம்பிடித்தேன். என்னைச் சமாதானப்படுத்துவதற்காகத்தான் அவள் நாரை அவிழ்த்தாள்.

அதற்குள்ளும் சிவப்பு.

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் அவள் பாவாடைக் கரையை நனைத்துக்கொண்டிருந்தது. முதல் பொட்டலத்தில் சிவப்பைப் பார்த்து அழாதவள் இப்போது வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. எனக்கோ மயிர்க்கூச்செறிந்தது. இப்படி ஒரு அதிசயத்தை நான் கதையில்கூடக் கேட்டதில்லை.

"அக்கா! வெள்ளையக்கூட அம்மன் செவப்பா மாத்திப்போட்டாளா?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா கண்ணு. ஆருகிட்டயும் சொல்லாத."

பூக்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டாள். நாங்கள் திரும்பி வந்தபோது அப்பா கோயில் வாசலில் நின்று எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "உட்டாச்சுங்களா?" என்று கேட்டார். பெற்ற மகளை அவர் 'ங்க' போட்டுப் பேசியது அன்றுதான். "உட்டாச்சுங்கப்பா" என்றாள் அக்கா. அவ்வளவுதான் பேச்சு.

மட்டைகள் பரணுக்குப் போயின. தை மாதத்தில் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆட்டங்கள் டிவியில் வந்தன. அக்கா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. சித்தப்பா பழக்கதோஷத்தில், "பாப்பா, இந்த வருஷம் ஆரு?" என்று கேட்டார். நான் பாயில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. நெட்டக்கொக்கு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியே போனாள். சித்தப்பா எழுந்துபோய் டிவியை அணைத்தார். அதன்பிறகு யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. இருந்த ஒரு பெருமையும் போய்விட்ட எனக்கு மிச்சமிருந்தது அந்த அதிசயம் மட்டும்தான். அதையும் யாரிடமும் சொல்லக்கூடாது.

மாசியில் கல்யாணம். தாரை வார்த்துக் கொடுத்து முடிந்ததும், மேடையை விட்டு இறங்கிய அப்பா ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு துண்டில் முகத்தைப் புதைத்து அழுதார். பெண்ணைக் கொடுத்த தகப்பன் அழுவது சகஜம்தான் என்று எல்லோரும் ஒதுங்கிப் போனார்கள். என்னால் போக முடியவில்லை. அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அவருக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கும்போது சொல்லாமல் இருப்பது பாவம் என்று பட்டது.

"அழாதீங்கப்பா. நீங்க ஒண்ணும் பண்ணலீங்க. எல்லாம் அம்மன் முடிவு பண்ணுனது. அன்னைக்கு ரெண்டாவது பொட்டலத்துல இருந்த வெள்ளைப் பூவக்கூட அது செவப்பா மாத்திப்போட்டுதுங்கப்பா. நான் பாத்தேன்."

துண்டு முகத்திலிருந்து இறங்கியது.

"ஆரு பிரிச்சா?"

"அக்காதானுங்க."

அப்பா மேடையைப் பார்த்தார். கழுத்து நிறைய மாலையோடு, சுற்றிலும் நலுங்குக்காகக் கூடிநின்ற பெண்களுக்கு நடுவில், அக்கா எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. அவள் கண்ணை எடுக்கவில்லை. அப்பாதான் எடுத்தார்.

அவருடைய அழுகை அப்படியே நின்றுவிட்டது. கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நான் சொன்னது வேலை செய்துவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பெரிய மனுஷிபோல அவர் முழங்கையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அடுத்த பந்தியில் இடம்பிடிக்க ஓடினேன்.