யாரைக் கேட்டு வெட்டுவது?

பருத்திப்பட்டில் வழக்கமாகப் போகும் பார்லரில், நெற்றியில் விழுகிற மாதிரி ஃப்ரிஞ்ச் வெட்டச் சொன்னேன். "அக்கா, உங்க முடி அடர்த்தி, வளைவளைவா வேற இருக்கு. வெட்டினா சுருண்டு மேல ஏறிக்கும்" என்றாள் பியூட்டிஷியன். நியாயமான பேச்சு. அடுத்து, "வீட்ல சார்கிட்ட கேட்டுட்டீங்களா?" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. போன வாரம் என் கணவர் மீசையை மழித்துக்கொண்டு வந்து நின்றாரே, யாரைக் கேட்டார்?

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் மடியிலிருந்த போனைப் பார்த்தேன். 'ஃப்ரிஞ்ச் வெட்டிக்கட்டுமா?' என்று அவருக்கு நானே அடித்து வைத்திருந்தேன், அனுப்பத்தான் இல்லை. அவள்மேல் வந்த கோபம் முழுக்க என்மேல் திரும்பியது. அந்த மெசேஜை அழித்துவிட்டு, "வெட்டும்மா" என்றேன்.

அவள் சொன்னபடியே முடி சுருண்டு மேலே ஏறிக்கொண்டது. இருக்கட்டும், என் நெற்றிதானே.

சாயங்காலம் அவர், "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். அவருடைய மீசை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.